ஆர்6 மைலேஜ்: நான்கு வருட பெட்ரோல் நோட்டில் இருக்கிற கணக்கு

மேலே ஒரு தம்பி "யமஹா ஆர்6 பைக் எடுத்தால் என்ன மைலேஜ் வரும், கட்டுப்படியாகுமா" என்று கேட்டிருந்தார். நான் அதே வண்டியை நான்கு வருடமாக ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஓடோமீட்டரையும் லிட்டரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பேன், அதனால் இருக்கிற கணக்கை அப்படியே சொல்கிறேன்.

நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 18, 19. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனால் 14. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 16.5 நிற்கிறது. டேங்க் 17 லிட்டர் என்றாலும் 230 கி.மீ. தாண்டியதுமே கண் பங்க்கைத் தேட ஆரம்பித்துவிடும். 599 சிசிதானே, ஏன் இவ்வளவு குடிக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். முழு சக்தியும் 14,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) பக்கம் வருகிற மாதிரி செய்த எஞ்சின் அது, ஆறாவது கியரில் 100-இல் போனாலே 5,000-க்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும்.

போன வருடம் ஒரு நீண்ட பயணத்தில் கவாஸாகி நிஞ்ஜா 400 ஓட்டுகிற ஒரு அண்ணன் வழியில் பழக்கமானார். ஒரே பங்க்கில் இரண்டு பேரும் டேங்க்கை நிரப்பிவிட்டு, 100-ஐத் தாண்டாமல் 140 கி.மீ. சேர்ந்தே போய் மறுபடியும் நிரப்பினோம். எனக்கு 7.6 லிட்டர் பிடித்தது, அவருக்கு 5.4. மறுநாள் காலையில் ரோடு காலியாக இருந்ததால் 120-இல் போனோம், எனக்கு 16-க்கு இறங்கியது, அவருக்கு 22-க்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது, 100-இலிருந்து 120-க்குப் போனால் அது 44 சதவீதம் கூடும். இருபது கிலோமீட்டர் வேகம்தானே என்று நினைப்போம், டேங்க்கில் தெரிந்துவிடும்.

நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு, அதை அவசியம் சொல்ல வேண்டும். பிக்கப் கூடும் என்று செயின் ஓடுகிற முன் பல்சக்கரத்தை, அதாவது ஸ்ப்ராக்கெட்டை, 16 பல்லிலிருந்து 15-க்கு மாற்றினேன். மைலேஜ் குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள், நோட்டிலோ அதே 17 வந்துகொண்டிருந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒரு நாள் ஜிபிஎஸ்ஸை வைத்து ஒப்பிட்டபோது மீட்டர் 100 கி.மீ. என்று காட்டிய தூரம் உண்மையில் 94-தான். என் வண்டியில் வேக சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, பின் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது அதற்குத் தெரியாது. முன்னால் ஒரு பல் குறைந்ததும் அதே தூரத்துக்கு கியர்பாக்ஸ் கூடுதலாகச் சுற்றும், மீட்டரும் கூட்டிக் காட்டும். ஆக நான் 17 என்று எழுதியதெல்லாம் 16-க்குக் கீழேதான். அடுத்து செயின் செட் மாற்றும்போது பழையபடி 16 பல்லே போட்டுக்கொண்டேன். ஸ்ப்ராக்கெட் மாற்றிவிட்டு மைலேஜ் கூடியிருக்கிறது என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்த நோட்டு என்னைக் காப்பாற்றிய கதை. தொடர்ந்து மூன்று முறை நிரப்பியபோதும் 14-க்கு மேல் வரவில்லை, அதே ரோடு, அதே வேகம். பெட்ரோலில்தான் கலப்படம் என்று முதலில் நினைத்தேன். வீட்டில் பின்பக்கம் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றினேன், "சர்ர்" என்று உரசிக்கொண்டே அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பரைக் கழற்றினால் அதன் பிஸ்டன் முழுக்க பிரேக் தூசி கறுப்பாகக் கட்டியாக ஒட்டியிருக்கிறது, பிரேக்கை விட்டாலும் அது உள்ளே திரும்புவதில்லை. ஒரு பக்க பேட் மற்றதைவிடப் பாதியாகத் தேய்ந்திருந்தது. பழைய டூத்பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் வைத்துத் தேய்த்து மாட்டிய பிறகு தட்டிவிட்டால் இரண்டு சுற்று ஓடியது, அடுத்த டேங்க்கில் 17 வந்தது. நோட்டு எழுதாமல் இருந்திருந்தால் டிஸ்க் வளைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது செலவுக்கு வருகிறேன். மீட்டர் 38,000-ஐத் தொட்டிருக்கிறது, இதுவரை சுமார் 2,300 லிட்டர் பெட்ரோல். அந்த அண்ணனின் வண்டி மாதிரி 25 கொடுத்திருந்தால் 1,520 லிட்டரில் முடிந்திருக்கும். வித்தியாசம் சின்னது இல்லை, ஆனால் வாங்கும்போதே தெரிந்த செலவு அது. எதிர்பாராமல் கையைக் கடித்தது பின் டயர். 180/55 அளவு, மென்மையான ரப்பர், 7,000 கி.மீ.க்கு ஒன்று வீதம் இதுவரை ஐந்து மாற்றியாயிற்று. முன் டயர் அதைப் போல் இரண்டு மடங்கு வருகிறது. நேராகவே ஓட்டினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும், வளைவில் சாய்க்கும்போது ஒரு படியிலிருந்து இறங்குகிற மாதிரி வண்டி சட்டென்று விழும். ரப்பர் மிச்சம் இருந்தாலும் அந்த நிலையில் ஓட்ட மனம் வராது. இப்போது நடுவில் கடினமான ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பரும் உள்ள டயர் போட்டிருக்கிறேன், 4,000 ஓடியும் வட்டம் கெடவில்லை. காற்று முன்னால் 36 பிஎஸ்ஐ, பின்னால் 42, வாரம் ஒருமுறை டயர் சூடாவதற்கு முன் பார்த்துவிடுவேன். செயின் செட் 22,000-இல் மாற்றினேன், 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினுக்கு லூப்ரிகன்ட் அடித்ததால்தான் அவ்வளவு வந்தது.

கேட்ட தம்பிக்கு: தினமும் வேலைக்குப் போகவும் இதே வண்டிதான் என்றால் 400-ஐ எடுங்கள், மனதாரச் சொல்கிறேன். வார இறுதிக்கு மட்டும் என்றால், மாதாமாதம் டயருக்கு என்று கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஆர்6-ஐத் தாராளமாக எடுக்கலாம்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 40,000-ஐ ஒட்டி வால்வ் கிளியரன்ஸ், அதாவது எஞ்சின் வால்வுக்கு மேலே இருக்கிற சின்ன இடைவெளி, பார்க்க வேண்டும். 16 வால்வ், டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் கழற்றுகிற வேலை. இங்கே பார்த்து முடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அந்த இடைவெளியைச் சரிசெய்கிற ஷிம் தகடு மாற்ற வேண்டி வந்ததா, எத்தனை வால்வுக்கு?