பஸ்ஸுக்கு அடியில் இருந்த ஹாரன்

போளூரிலிருந்து:

அம்மாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்து, மறுபரிசோதனைக்காக வேலூரில் மருத்துவமனை அருகே ஒரு லாட்ஜில் பத்து நாள் தங்கியிருந்தோம். பக்கத்து அறைகளில் ஆந்திரா, வங்காளம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த நோயாளிகள். அம்மா கண்ணயரும் நேரம் பார்த்துக் கீழே ஒரு பஸ் பல சுரத்தில் அலறும். அவர் விரல்கள் போர்வையைக் கொத்தாகப் பற்றிக்கொள்ளும். நெஞ்சில் தையல் ஆறாத உடம்பு. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் இருக்கிறது. அங்கே வரம்பு பகலில் 50 டெசிபல், இரவில் 40. எழுத்தில் எல்லாம் இருக்கிறது.

ஊர் திரும்பிய அன்று பஸ் நிலைய வாசலில் சோதனை நடந்துகொண்டிருந்தது. மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் எங்கள் பஸ்ஸில் ஏறி ஹாரனை அழுத்தினார். சாதாரணச் சத்தம்தான். இறங்கப் போனவர் திரும்பி, ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். இன்னொரு சுவிட்ச் இருந்தது. உதவியாளர் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பானரால் மூன்று சிவப்புக் குழல்களைக் கழற்றி வெளியே வைத்தார். பிரேக்குக்கான காற்றுத் தொட்டியிலிருந்து அதற்கு ஒரு ரப்பர் குழாய் போயிருந்தது.

"இது இல்லாவிட்டால் யாரும் வழிவிட மாட்டார்கள் சார், டைமிங் போய்விடும்" என்றார் ஓட்டுநர்.

"பிரேக்குக்கு வேண்டிய காற்றை எடுத்தா ஊதுவீர்கள்?" என்று கேட்டார் ஆய்வாளர். சட்டப்படி இதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அம்மா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு சின்னதா?" என்றார்.

குடியாத்தத்திலிருந்து:

எங்கள் தெருவில் ஆடி மாதம் கூம்பு ஒலிபெருக்கி. மகளுக்கு மறுநாள் தேர்வு. இரவு பத்தரைக்கு 112-ஐ அழைத்தேன். விழாக்காரர்கள் அனுமதி இருப்பதாகச் சொன்னார்கள். வந்த காவலர் அந்தக் காகிதத்தைக் கேட்டார். இல்லை. விழா நாட்களில் நள்ளிரவு வரை தளர்வு தர அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கூடாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். மைக் செட்காரரே ஏணி வைத்து இறக்கினார். தெருவில் இரண்டு பேர் இன்னும் என்னுடன் பேசுவதில்லை. அதற்காக நான் வருந்தவில்லை.

ஆரணியிலிருந்து:

22 ஆண்டுகள் தனியார் பஸ் ஓட்டியவன் நான். அந்தச் சிவப்புக் குழல் என் வண்டியிலும் இருந்தது. இப்போது வலது காதில் இரவும் பகலும் ரீங்காரம். செவி நரம்பு பழுதாகிவிட்டது, பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போளூர்க்காரரே, அந்த லாட்ஜ் வழியாகத்தான் நானும் தினம் ஆறு நடை ஓட்டினேன். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?