அப்லேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய். தொடை இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, துடிப்பைக் குலைக்கும் இடத்தைச் சுடும் அப்லேஷன் சிகிச்சை செய்து 5 வாரமாகிறது. தொடைக் காயம் ஆறிவிட்டது; துடிப்புதான் அடங்கவில்லை. நேற்றிரவு 2 மணிக்குச் சாமி விளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். நான்கு துடிப்பு ஒழுங்காக, பிறகு ஓர் இடைவெளி, அடுத்து இரண்டு அவசரமாக.

உள்ளே சுட்ட இடம் ஆறித் தழும்பாகும் வரை, முதல் 3 மாதங்களில் இப்படி வருவதுண்டு, சிகிச்சை தோற்றதாக நினைக்க வேண்டாம் என்றார் மருத்துவர். புரிகிறது. ஆனால் நடுராத்திரியில் மனம் கேட்பதில்லை.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டுமாம். கீரை மருந்தின் வேலையைக் குறைத்துவிடும் என்று பயந்து முருங்கைக்கீரையை அறவே விட்டுவிட்டார். வாரந்தோறும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

இதைக் கடந்து வந்த அக்காமார், அண்ணன்மார் சொல்லுங்கள்: துடிப்பு எப்போது அடங்கியது? இரவில் எப்படித் தூங்கினீர்கள்? தைப்பூசத்துக்கு இங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறியே தீருவேன் என்கிறார். மருத்துவரிடம் கேட்காமல் விடமாட்டேன். இருந்தாலும், அப்லேஷனுக்குப் பிறகு ஏறியவர்கள் இருந்தால் அம்மாவுக்காக நாலு வரி எழுதுங்கள். வாசித்துக் காட்டுகிறேன்.