சங்ககாலச் சிறுதேரை இழுத்தார்களா, தள்ளினார்களா?

கேள்வி

வணக்கம். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எங்கள் ஆண்டு விழாவில் பிள்ளைகளின் விளையாட்டு வண்டிகளைக் காட்சிக்கு வைக்கவிருக்கிறோம். பிளாஸ்டிக் லாரி, தகரப் பேருந்து, நடைவண்டி எல்லாம் சேர்ந்துவிட்டன. வரிசையின் தொடக்கத்தில் சங்க இலக்கியம் கூறும் சிறுதேரை மரத்தில் செய்து வைக்க விரும்பி, எங்கள் ஊர்த் தச்சரை அணுகினேன். எத்தனை சக்கரம், குதிரை உண்டா, கயிறு கட்டி இழுப்பதா, பின்னால் நின்று தள்ளுவதா என்று அவர் கேட்டபோது என்னிடம் விடையில்லை. பாடல்களில் சான்று உண்டா?

மறுமொழி 1

வணக்கம் அம்மா. தச்சர் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் பாடல்களில் சான்று உண்டு. ஆனால் அவை ஒரே வண்டியைப் பற்றியவை அல்ல என்பது என் கருத்து.

குறுந்தொகை 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் ‘தச்சன் செய்த சிறுமா வையம்’ என்கிறார். சிறு குதிரை பூட்டிய அந்த வண்டியில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும், கையால் இழுத்தே பிள்ளைகள் இன்புறுகிறார்கள் என்று, தலைவனோடு கொண்ட நட்பே இன்பம் தருவதற்கு அதை உவமையாக்குகிறார். ‘ஈர்த்து’ என்ற சொல் இருப்பதால் அது இழுக்கும் வண்டி என்பதில் ஐயமில்லை.

பட்டினப்பாலை காட்டுவது வேறு. காவிரிப்பூம்பட்டினத்தில் உலரும் தானியத்தைக் கொத்த வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த காதணி, சிறுவர்கள் ‘புரவியின்று உருட்டும் முக்காற் சிறுதேர்’ செல்லும் வழியை மறிக்கிறது. ஆக, இதற்குக் குதிரை இல்லை, சக்கரம் மூன்று, வினைச்சொல்லும் ‘உருட்டும்’ என்பதே.

இதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படி செய்த ‘ஊரா நற்றேர்’ ஒன்றைச் சொல்கிறார். ஊரா என்றால் ஏறிச் செல்லாத என்று பொருள். அதை உருட்டும் குழந்தைகள் தளர்நடையால் சோர்ந்து, செவிலித்தாயரைத் தழுவிப் பாலுண்டு இளைப்பாறுகிறார்கள். நடை பழகும் பருவத்துக் குழந்தை கயிற்றைப் பிடித்து இழுப்பதைவிட, ஒன்றைப் பற்றிக்கொண்டு தள்ளுவதே இயல்பு. எனவே உங்கள் காட்சியிலுள்ள நடைவண்டியே இந்தச் சிறுதேரின் நேர்வாரிசு என்று நான் கருதுகிறேன்.

மறுமொழி 2

மேலுள்ள கருத்தை நான் ஏற்கிறேன். நானும் மர வேலை செய்பவன். நான்கு சக்கர வண்டி மேடுபள்ளமான முற்றத்தில் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஆடும். மூன்று சக்கரங்களோ எந்தத் தரையிலும் ஒருங்கே படியும் என்பதால், குழந்தை தன் எடையைச் சாய்த்தாலும் வண்டி நொடிக்காது. நடைவண்டிக்கு முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாகச் சக்கரம் வைப்பது இதனால்தான். பின் சக்கரங்களின் இடைவெளியைக் குறைத்துவிட வேண்டாம் என்று உங்கள் தச்சரிடம் சொல்லுங்கள்.

மறுமொழி 3

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் சிறுவயதில் இரண்டு வகையும் இருந்தன. நுங்கு குடித்த பனங்கோம்பைகள் இரண்டைத் தடியின் இரு முனையிலும் செருகி, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவோம். வெறும் மீன் டின்னில், பழைய இறப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் பூட்டினால் அது லொறி. அதற்குக் கயிறு கட்டி, மணல் ஏற்றி இழுப்போம். சரக்கு ஏற்றினால் திரும்பிப் பார்த்துப் பார்த்து இழுக்க வேண்டும் என்பதே அதிலுள்ள இன்பம். இவ்விரண்டையும் காட்சியில் சேர்த்தால் மகிழ்வேன்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. குதிரையுடன் இழுக்கும் வையம் ஒன்றும், குதிரையில்லாத முக்காற் சிறுதேர் ஒன்றும் செய்யத் தச்சர் ஒப்புக்கொண்டார். முதலாவதை மீன் டின் லொறிக்கு அருகிலும், இரண்டாவதை நடைவண்டிக்கு அருகிலும் வைக்கப்போகிறேன். நுங்கு வண்டியைப் பிள்ளைகளே செய்வார்கள்.