நரசிம்மர் வரும்போது எழுப்புங்கள்

வெட்டாறு

மெலட்டூரில் பாகவத மேளா என்று நடக்கும் இரவு நாடக விழாவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். நரசிம்மரைப் பார்த்தது ஒரே முறை. மற்ற இரண்டில் ஒரு தடவை வேறு கதைக்குப் போய்விட்டேன், ஒரு தடவை தூங்கிவிட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் நாடகம், அவர் வருவதோ கோழி கூவும் நேரத்தில். வைகாசி வெயிலில் பகலெல்லாம் காய்ந்த உடம்பு, சற்றே காற்று வீசியதும் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளத்தான் செய்யும்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம். தஞ்சாவூரிலிருந்து திட்டை வழியாகத் திருக்கருகாவூர் போகும் சாலையில் சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கிறது மெலட்டூர். அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களைக் குடியேற்றிக் கொடுத்த ஊர் என்பார்கள்; அச்சுதபுரம் என்ற பழைய பெயர் அதனால் வந்தது. அங்கே 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்களைத்தான் இன்றும் ஆடுகிறார்கள். பிரகலாதன், அரிச்சந்திரன், மார்க்கண்டேயன், ருக்மாங்கதன், உஷை என்று ஓர் இரவுக்கு ஒரு கதை. நரசிம்ம ஜயந்தி அன்று பிரகலாத சரித்திரம். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவிலேயே பந்தல். வேடம் போடுபவர்கள் அனைவரும் ஆண்கள். ஊரில் குழுக்கள் இரண்டு. எந்தக் குழு எந்தத் தேதியில் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். நான் முதல் வருடம் விசாரிக்காமல் போய், உஷைக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த முறை சரியான இரவுக்கே போனேன். கோமாளியான கோணங்கி வந்து குதித்தார். கணபதி முகமூடியோடு ஒரு சின்னப் பையன் வந்தான். ஒவ்வொரு பாத்திரமும் வரும்போது இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். பாட்டு நடந்துகொண்டே இருக்கிறது, திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்கிறது. இரணியன் வெளியே வர எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "தம்பி, அசதியாக இருந்தால் படுங்கள், நரசிம்மர் வரும்போது எழுப்புகிறேன்" என்றார். நம்பிப் படுத்தேன். கண் விழித்தபோது தெருவில் வெளிச்சம், பாதிப் பாய்கள் காலி. பெரியவர் என் பக்கத்தில், வாய் திறந்தபடி, எனக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் முறை ஒரு பாட்டியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் கையில் பனை விசிறி. மேடையில் லீலாவதி இரணியனிடம் மன்றாடுகிறாள். பாட்டியின் உதடுகளும் அதே வரிகளை முணுமுணுக்கின்றன. பாடகர் ஓர் இடத்தில் அடியை மாற்றிப் போட்டபோது பாட்டி "ச்சு" என்றார்.

"பாட்டிக்குத் தெலுங்கு வருமா?"

"எங்கே வரும்? மளிகைக் கடையில் தெலுங்கில் கேட்டால் எனக்கு உப்புக்கூடக் கிடைக்காது. இது சின்ன வயசிலிருந்து காதில் விழுந்தது."

நான் தலை சாயும் ஒவ்வொரு தடவையும் விசிறிக் காம்பு என் முழங்காலில் விழுந்தது. நான்கு தடவை எண்ணினேன். அந்தக் காம்புக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த நரசிம்ம முகமூடி மற்ற நாட்களில் கோயிலில் பூஜையில் இருப்பது. அதை அணிபவர் அன்று விரதம். பிரகலாதனும் இரணியனும் தர்க்கம் செய்யச் செய்யத் தூங்கியிருந்த தெரு தானாக எழுந்துகொண்டது. யாரும் யாரையும் எழுப்பியதாகத் தெரியவில்லை. முகமூடியோடு வந்தவரை நாலைந்து பேர் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அவர் திமிறியதில் பிடித்தவர்களும் சேர்ந்து ஆடினார்கள். இரணியன் வேடக்காரர் பின்வாங்கிய விதம் ஒத்திகை பார்த்ததா, உண்மையான பயமா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. பாட்டி விசிறியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார். எனக்குச் சாமி பக்தி கொஞ்சம் குறைவு. ஆனால் முதுகில் வேர்வை குளிர்ந்தது.

இப்படிக் கோடைத் திருவிழாவில் ராக்கண் விழித்தவர்களும் விழிக்க முடியாதவர்களும் எழுதுங்கள்.


திண்ணைக்காரர்

நீங்கள் சொன்ன அந்தச் சின்னப் பையனாக ஒரு வருடம் நான் இருந்திருக்கிறேன். ஏழு வயது. என் ஊர் மெலட்டூர் இல்லை, அங்கே அம்மா வழி உறவு.

எல்லோருக்கும் கணபதி வருவது அழகாக இருக்கும். உள்ளே இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. கண் ஓட்டை என் கண்ணுக்கு நேராக இல்லை. கொஞ்சம் மேலே இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்தல் கூரையும் ஒரு குழல் விளக்கும்தான். அந்த விளக்கைப் பார்த்து நட, அது தலைக்கு மேல் வந்ததும் நில் என்று மாமா சொல்லிக்கொடுத்திருந்தார். முகமூடிக்குள் என் மூச்சுச் சத்தம் மிருதங்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. ஆடி முடித்ததும் தூக்கிக்கொண்டுபோய்த் திண்ணையில் விட்டார்கள். ஒரு தம்ளர் பானகம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், நானும் உங்கள் கட்சிதான்.

மாமாவுக்குப் பெண் வேடம். பகலில் அவர் சென்னையில் ஒரு வங்கியில் காசாளர். ஏப்ரல் கடைசியில் அவர் மீசையை எடுத்தால், "விடுப்புக் கடிதம் வரப்போகிறது" என்று அலுவலகத்தில் சொல்லிவிடுவார்களாம். ஆடுபவர்களில் நிறையப் பேர் இப்படித்தான். வெளியூரில் வேலை, தொலைபேசியில் பாட்டு ஒத்திகை, விடுமுறைக்கு மேலதிகாரியிடம் கெஞ்சல். ஒருமுறை மாமாவின் கிளைக்குப் புதிதாக வந்த மேலாளர், விடுப்புக் காரணம் என்ன என்று கேட்டிருக்கிறார். "சந்திரமதி" என்றாராம் மாமா. மனைவி பெயர் என்று நினைத்து, உடம்புக்கு என்ன என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார் அந்த மனிதர். பிள்ளை பாம்பு கடித்து இறந்துவிட்டான், சுடுகாட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. இந்தக் கலை 1930களில் ஏறக்குறைய அணைந்துபோகும் நிலையில் இருந்தபோது உள்ளூர்ப் பெரியவர்களோடு சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் முக்கியமானவர். பரதநாட்டியத்துக்காகத் தானே பெண் வேடமிட்டு ஆடிக்காட்டிய மனிதர். மீசையை எடுக்கும் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாமா அவர் பெயரைச் சொல்வார். நன்றியாகவா, குற்றச்சாட்டாகவா என்பது அன்றைய பிளேடின் தரத்தைப் பொறுத்தது.


கடைசி பஸ்

நான் மெலட்டூரில் மாலைக் கச்சேரிக்கு மட்டும் போகிற ஆள். நாடகத்துக்கு முன்னால் பாட்டோ நடனமோ வைப்பார்கள். நூறு பேர் இருப்பார்கள். சபாவில் இருநூறு ரூபாய் கொடுத்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பதைத் தெருவில் நாலடி தூரத்தில் கேட்கலாம். குறை ஒன்றே ஒன்று, ஒலிபெருக்கி. தம்புராவைக்கூடக் கல்யாண வீட்டு அளவுக்கு ஏற்றி வைக்கும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு வருடம் மின்சாரம் போய், பாடகி ஒலிவாங்கி இல்லாமல் கால் மணி நேரம் பாடினார். கல்யாணி ராகம். வயல் பக்கமிருந்து தவளைச் சத்தமும் சேர்ந்து கேட்டது. மின்சாரம் திரும்பி வந்தபோது எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது.


செய்யாற்றங்கரை

எங்கள் பக்கம் பாரதக் கூத்து. வடக்கே செய்யாறு, ஆரணி, வந்தவாசி ஊர்களில் பங்குனி தொடங்கி ஆனி வரை ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறியிருக்கும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். அதே கதை இரவில் கூத்தாகும். பத்து மணிக்கு மேல் கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் வந்து வம்பளந்தால் தொடக்கம், வெள்ளி முளைத்தால் முடிவு. கிரீடமும் புஜக்கட்டையும் வைத்துத் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுப்பான் பாருங்கள், உங்கள் இரணியனுக்கு அவன் பெரியண்ணன்.

தூங்குவதற்கு எங்களிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. பாய், போர்வை, தண்ணீர்க் குடம், வேர்க்கடலை என்று குடும்பத்தோடு வந்து படுத்துவிடுவோம். காதில் முகவீணை என்ற ஊதுகுழல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது சுதி மாறினால் விழித்துக்கொள்வோம். என் அம்மா ஆர்மோனியச் சத்தத்தை வைத்தே, "இன்னும் சகுனி வரவில்லை, தூங்கு" என்பார்.

ஆனால் திரௌபதியைத் துகிலுரியும் கதை நடக்கும் அன்று யாரும் தூங்கமாட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். துச்சாதனன் சேலையில் கை வைக்கும் முன் கூத்து நின்றது. கற்பூரம் ஏற்றினார்கள். சற்று முன்வரை அட்டகாசம் செய்துகொண்டிருந்த துச்சாதனன் வேடக்காரர் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார், அவருக்குக் கண்ணில் நீர். என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது. அடுத்த நிமிடம் அதே மனிதர் உறுமிக்கொண்டு சேலையை இழுத்தார். அவரை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அழுதேன்.

விடிந்த பிறகு ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே ஒருவர் மதகுக் கல்லில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் திரௌபதி, பாதி முகத்தில் ராத்திரிக்குள் முளைத்த தாடி. பக்கத்தில் துச்சாதனன். இருவரும் ஒரே துணியை மாற்றி மாற்றி வாங்கித் துடைத்தார்கள். திரௌபதி என்னைப் பார்த்து, "என்னடா தம்பி, ராத்திரி முன்வரிசையில் அழுதது நீதானே? எனக்குப் பாட்டே மறந்துபோச்சு உன்னாலே" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்தார். துச்சாதனன் அவருக்குத் தீப்பெட்டி நீட்டினார். அதற்குப் பிறகு அம்மா என்ன சொல்லியும் நான் கூத்துப் பார்க்க வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். காரணம் என்னவென்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அருச்சுனன் தபசு வந்தது. அதற்கு யார்தான் போகாமல் இருப்பார்கள்? பனை உயரத்துக்குத் தபசு மரம். ஒரு படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினார் வேடக்காரர். மேலே போய் வில்வமும் விபூதியும் எலுமிச்சம்பழமும் கீழே எறிவார். பிள்ளை இல்லாதவர்கள் ஈரத் துணியோடு மடியேந்தி நிற்பார்கள். அந்த வருடம் ஒரு பழம் நேராக என் கையில் விழுந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? பக்கத்தில் இருந்த ஓர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, ஆனால் அவர் கை நீண்டிருந்தது. அவரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.


பனங்கூடல்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் காத்தவராயன் கூத்து, அம்மன் கோயில் வளவில், விடிய விடிய. காத்தவராயனாக ஒருவர் மட்டும் ஆடுவதில்லை. சின்னப் பிள்ளையாக ஒருவர், ஆதிகாத்தானாக ஒருவர், பின்காத்தானாக இன்னொருவர் என்று கதையோடு ஆளும் வளர்ந்துகொண்டே போவார். அதனால் தூங்கி எழும்புகிற ஆளுக்குப் பெரிய குழப்பம். ஒருமுறை நான் இரண்டு மணிக்குக் கண் அயர்ந்தேன். எழும்பிப் பார்த்தால் மேடையில் வேறு முகம்.

"அம்மம்மா, காத்தான் எங்கே?"

"அவன்தான் காத்தான். நீ படுத்த நேரம் வளர்ந்துவிட்டான்."

கழுமரம் ஏறுகிற கட்டத்துக்குச் சனம் எழுந்து முன்னுக்குப் போகும். கச்சான் (வேர்க்கடலை) விற்கிறவர்கூடச் சுருள் செய்வதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில் பெற்றோல்மாக்ஸ் வைத்து ஆடியதை அம்மம்மா சொல்லியிருக்கிறார். வெளிச்சம் மங்கினால் மேடையில் இருக்கிற ராசாவே இறங்கி வந்து காற்று அடித்துவிட்டுப் போவாராம்.

கனடாவில் இருக்கிற என் சித்தப்பா கூத்து நடக்கும் இரவில் தொலைபேசி அழைப்பில் இருப்பார். அவருக்கு அங்கே மத்தியானம். "நீ ஒன்றும் பேசவேண்டாம், கைபேசியை மேடைப் பக்கம் பிடி" என்பார். போன வருடம் அப்படிப் பிடித்தபடி நான் தூங்கிவிட்டேன். எழும்பியபோது அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. கூத்து முடிந்து ஒரு மணித்தியாலம் என் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.


வெட்டாறு

திண்ணைக்காரரே, சந்திரமதி மாமாவுக்கு என் வணக்கம். அவர் இன்னும் ஆடுகிறாரா?

பாட்டியைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பெயரும் வீடும் எனக்குத் தெரியாது. விடிந்ததும் பாயைச் சுருட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் மத்தியானமே தூங்கிவிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வருடம் மத்தியானம் தூங்கிவிட்டுத்தான் போகப்போகிறேன். செய்யாற்றங்கரை அண்ணன் ஊரில் தபசு எந்தத் தேதி என்று சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்வேன். இரண்டு இரவும் அடுத்தடுத்து வந்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டம்.


செய்யாற்றங்கரை

கொடி ஏறட்டும், சொல்கிறேன். பாய் கொண்டுவர வேண்டாம், எங்களிடம் இருக்கிறது. விசிறிக் காம்புக்கு என் அம்மா இருக்கிறார்.