வாசிப்பு மின்னட்டையில் படம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்காக மின்னட்டைகள் (சொல்லைச் சட்டென்று காட்டிப் படிக்க வைக்கும் காகித அட்டைகள்) தயாரித்து வருகிறேன். சொல்லையும் படத்தையும் ஒரே பக்கத்தில் அமைத்திருந்தேன். நேற்று 'பட்டம்' அட்டையைக் காட்டியபோது ஒரு சிறுமி சற்றும் தயங்காமல் 'காற்றாடி' என்றாள். படத்தைக் கையால் மறைத்ததும் முதலெழுத்தைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை வாரங்களாக அவள் எழுத்தைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது, மனம் கனத்துவிட்டது. அட்டைகளை எப்படி மாற்றுவது? 247 எழுத்துகளுக்கும் தனித்தனி அட்டை தேவையா?

மறுமொழி 1:
படத்தைப் பின்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். பிள்ளை முதலில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அட்டையைத் திருப்பித் தான் படித்தது சரியா என்று தானே பார்த்துக்கொள்ளட்டும். சொற்களையும் பழம், விலங்கு என்று பொருள்வாரியாகத் திரட்டாமல், கற்பித்த எழுத்துகளைக் கொண்டே தேர்ந்தெடுங்கள். ட, ப, ம ஆகியவற்றோடு ட், ம் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்கள் கிடைக்கும். துணைக்கால் சேர்ந்தவுடன் பாடம், மாடம் வந்துவிடும். 'படம்', 'பட்டம்' அட்டைகளை அடுத்தடுத்துக் காட்டினால், நடுவிலுள்ள ஓர் எழுத்தைக் கவனிக்காமல் எவராலும் சரியாகச் சொல்ல முடியாது.

மறுமொழி 2:
247 அட்டைகள் வேண்டியதில்லை. நான் மடிப்பு அட்டை செய்கிறேன்: நடுவில் 'ப', இடப்பக்க மடிப்பில் ஒற்றைக்கொம்பு, வலப்பக்க மடிப்பில் துணைக்கால். இடப்பக்கத்தைத் திறந்தால் பெ, வலப்பக்கத்தைத் திறந்தால் பா, இரண்டையும் திறந்தால் பொ. கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றாலும் அதன் ஒலி பின்னால்தான் வருகிறது என்பது பிள்ளைகளைப் பெரிதும் குழப்பும் இடம். தன் கையாலேயே மடிப்பைத் திறந்து மூடும்போது அது விளங்கிவிடுகிறது. உகர, ஊகர வரிசைகளுக்கு மட்டும் இந்த வழி உதவாது. கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால், அந்த 36 எழுத்துகளுக்கும் முழு அட்டைகளே தேவை.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு நாளைக்கு எத்தனை அட்டைகள் காட்டலாம்?

மறுமொழி 3:
தெரிந்த அட்டைகள் ஏழெட்டுக்கு நடுவே புதியவை இரண்டு போதும் என்பது என் அனுபவம். இதழாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறையும் பயன்படும்: சரியாகப் படித்த அட்டை அடுத்த பெட்டிக்குச் சென்று சில நாள் கழித்துத் திரும்பி வரும், தவறியது முதல் பெட்டிக்கே வந்து மறுநாளும் காட்டப்படும். ல, ள, ழ போன்றவற்றை ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். ஒன்று நன்கு பதிந்த பிறகே அடுத்ததை எடுங்கள். அந்தச் சிறுமிக்கு முதலில் 'படம்' அட்டையைக் கொடுத்துப் பாருங்கள். மூன்றே எழுத்து, அவளால் முடியும்.