[கலைச்சொல்] சுக்கானைக் கழற்ற உருவும் ஆணிக்கு என்ன பெயர்?

மடல் 1: உப்புவெளி, படகுப் பட்டறை

குழுவினருக்கு வணக்கம்.

வாடை தொடங்க முன்னம் இரட்டையுடல் பாய்ப்படகுகளைக் கரையேற்றிச் சுக்கான் கழற்றி வைப்பதற்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறோம். ஒரேயோர் ஆணிக்குச் சொல் அமையவில்லை. (கட்டுமரம் என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலம் நம்மிடம் வாங்கிய அந்தச் சொல்லை இரண்டு உடல் கொண்ட படகுக்கு வைத்துக்கொண்டது. நம் கரையில் கட்டுமரம் என்றால் மரங்களைச் சேர்த்துக் கட்டியதுதான்.)

வேலை இதுதான். ஒவ்வோர் உடலுக்கும் ஒரு சுக்கான். அந்த உடலின் பின்பலகையில் மேலும் கீழுமாக இரண்டு வளையங்கள். சுக்கானின் அலுமினிய வார்ப்பிலும் அவற்றுக்கு நேராகத் துளைகள். பல படகுகளில் ஒரு சுக்கானுக்கு இரண்டு குட்டை ஆணிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சுருள் வளையம். இரண்டு சுக்கானுக்குமாக நான்கு சுருள் வளையங்களை ஈரக்கையால் நெம்ப வேண்டும். நகம் பிய்யும், வளையம் மணலில் விழும், அதோடு தொலைந்தது.

இரண்டு குட்டை ஆணிக்குப் பதில் மேலிருந்து கீழ்வரை போகும் ஒரே நீள ஆணி போட்டால் இந்தத் தொல்லை பாதியாகும். மேல் வளையத்தின் உச்சியிலிருந்து கீழ் வளையத்தின் அடிவரை அளந்து, 25 மி.மீ.யும் தலையை வளைக்க வேண்டிய நீளமும் கூட்டி வெட்டவும். 316 தரத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியே வேண்டும். தலையைக் கைப்பிடிபோல வளைத்து, நுனியில் சுருள் வளையம் மாட்ட 3 மி.மீ. குறுக்குத் துளை போடவும். தலை கட்டாயம் மேற்பக்கம்தான் இருக்க வேண்டும். நுனி வளையம் கழன்றுபோனாலும் ஆணி தன் பாரத்தில் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இந்த நீள ஆணிக்கு 'கழலாணி' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

மடல் 2: தமிழாசிரியர், திருகோணமலை நகரம்

தம்பி, கழலாணி வேண்டாம். கழல்வது தன்வினை. கை வளை கழன்றது, அச்சு கழன்றது என்போம். 'கழலாணி' என்றால் தானாகவே கழன்றுவிழும் ஆணி என்றாகும். நடுக்கடலில் நீங்கள் அஞ்சுவதே அதைத்தானே? கையேட்டில் ஆபத்தின் பெயரை உறுப்புக்கு வைக்கக்கூடாது. 'கழற்றாணி' என்றால் பிறவினை வந்துவிடும், ஆனால் நாக்குத் தடுக்கும்.

எனக்குத் தோன்றுவது 'உருவாணி'. உருவு + ஆணி, வினைத்தொகை. கதவு + அடைப்பு கதவடைப்பு ஆவதுபோல ஈற்று உகரம் கெட்டுப் புணர்கிறது. வாளை உருவுவதும் கயிற்றை உருவுவதும் கை செய்யும் வேலைகள். உருவாஞ்சுருக்கு என்ற முடிச்சின் பெயரும் ஏற்கெனவே நம்மிடம் உண்டு.

மடல் 3: சீனன்குடா, ஃபைபர் படகு வேலை

வணக்கம் ஐயா. இரண்டு சந்தேகம். 'உருவாத ஆணி' என்று எதிர்மறையாகவும் இதைப் படிக்கலாமே? மற்றது, அச்சாணி என்ற குறட்சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

சொல் எதுவானாலும் கையேட்டில் ஆணி இறுகிப்போவது பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். உருக்கு ஆணியும் அலுமினிய வார்ப்பும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைத் தூள் கட்டும், ஆணி அசையாது. அந்த நேரம் சுத்தியல் தூக்கக் கூடாது. வளையம் ஃபைபர் பலகையில் போல்ட் போட்டு நிற்கிறது. அடி முழுவதும் பலகைக்கு இறங்கி, போல்ட்டைச் சுற்றி வெடிப்பு ஓடி, உடலுக்குள் தண்ணீர் கசியும். முதலில் இளஞ்சூட்டு நன்னீர் ஊற்றி உப்பைக் கரைக்கவும். பிறகு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடவும். காலையில் குறட்டால் ஆணியைச் சுற்றிப் பார்த்து, சுற்றினால் மட்டும் இழுக்கவும். திரும்பிப் போடும்போது துளைக்கு நைலோன் புஷ்ஷும் ஆணிக்கு லனோலின் (ஆட்டு உரோமக் கொழுப்பு) கிறீஸும் போட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

துளை தளர்ந்திருந்தாலும் விடக்கூடாது. இரண்டு வளையங்களுக்கும் இடையில் 200 மி.மீ., சுக்கான் அலகின் (நீரில் இறங்கும் தகட்டின்) நுனி கீழ் வளையத்திலிருந்து 700 மி.மீ. கீழே என்று வைத்தால், வளையத்தில் 1 மி.மீ. ஆட்டம் நுனியில் கிட்டத்தட்ட 4 மி.மீ. ஆகும். வேகம் எடுத்ததும் சுக்கான் நடுங்குவது அதனால்தான்.

மடல் 4: தமிழாசிரியர்

எதிர்மறையானால் உருவா + ஆணி, நடுவில் வகர உடம்படுமெய் வந்து 'உருவாவாணி' என்றாகும். ஆகவே குழப்பமில்லை. உரு + ஆணி என்று பிரித்து வடிவம் என்ற பொருள் கொள்ள இலக்கணம் இடம் தரும், அதை மறுக்க முடியாது. படகின் பின்னால் நின்று படிப்பவர் அப்படிப் பிரிக்கமாட்டார் என்பதே என் துணிபு.

அச்சாணி தேர்ச் சக்கரம் கழலாமல் காப்பது. அதற்கு நேரானது உங்கள் நுனி வளையம். வண்டிக்காரர் 'கடையாணி' என்பார்கள். உருவாணி உருவப்படும், கடையாணி அது உருவாமல் காக்கும். இரண்டும் சோடியாக நிற்கட்டும். ஆணி சுக்கானோடு சேர்ந்தே இருக்கும் பழைய வகைக்குக் கதவின் 'குடுமி' (கதவு சுழலும் முளை) இருக்கிறது. அதில் சுக்கானையே தூக்கிக் கழற்ற வேண்டும். ஆணி தனியாக வருவதால்தான் இங்கே வேறு சொல் கேட்கிறோம்.

மடல் 5: உப்புவெளி

மிக்க நன்றி ஐயா. உருவாணியையே எடுத்துக்கொள்கிறேன். தள்ளுபொத்தான் அமுக்கினால் உள்ளே இரண்டு குண்டுகள் ஒடுங்கும் வகைக்கு 'குண்டுப்பூட்டு உருவாணி' என்று எழுதப்போகிறேன். இரண்டு சுக்கானையும் இணைக்கும் குறுக்குத்தண்டின் முனைக்கு மட்டும்தான் அதைப் பரிந்துரைப்பேன். நிலாவெளி மணல் பொத்தானுக்குள் போனால் சுருள்வில் சிக்கி, குண்டு வெளியே வராது. பூட்டியதுபோலத் தெரியும், பூட்டியிராது. சுக்கானைத் தாங்கும் இடத்துக்குக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய கடையாணியே நல்லது. படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் ஆணியின் தலை கீழே போய்விடும். அப்போது கடையாணி மட்டுமே காவல் என்பதால் உருவாணியை 3 மி.மீ. கயிற்றால் வார்ப்போடும் கட்டவேண்டும்.

கையேட்டில் இப்படி வரும்:

"கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புவரை ட்ரெய்லரில் கொண்டுபோவதானால் சுக்கானை மாட்டியபடி விடவேண்டாம். ஒவ்வொரு குழியிலும் தூக்கிய அலகு நெம்புகோலாக வளையத்தை அடிக்கும், துளை நீள்வட்டமாகும். முதலில் குறுக்குத்தண்டின் ஒரு முனையில் மட்டும் குண்டுப்பூட்டு உருவாணியைக் கழற்றவும். தண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடவேண்டாம், தொட்டால் இரண்டு அலகுகளும் இணையாக நிற்பது குலையும். பிறகு ஒரு கையால் சுக்கானைத் தாங்கிக்கொண்டு கடையாணியை எடுத்து, உருவாணியை மேலே இழுக்கவும். வார்ப்பில் இடம், வலம் என்று குறிக்கவும். நன்னீரில் கழுவிக் காய்ந்தபின், உருவாணியின் கயிற்றை வார்ப்பிலிருந்து அவிழ்த்து, ஆணிக்குக் கிறீஸ் தடவிப் படகின் வளையங்களிலேயே திரும்பப் போட்டுக் கடையாணி மாட்டி வைக்கவும்."