இன்லண்ட் கடிதங்களை ஒட்டாமல் ஆல்பம் ஆக்க வழி உண்டா?

கரூர்க்காரி:
அப்பா பிலாய் உருக்காலையில் இருந்தபோது அம்மாவுக்கு எழுதிய 43 இன்லண்ட் கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. கையாலேயே ஓர் ஆல்பம் செய்து அவற்றை வைக்க ஆசை. சிக்கல் என்னவென்றால், எல்லாவற்றிலும் இரு பக்கமும் எழுத்து. மடித்து ஒட்டும் சின்ன ஓரத்தைக்கூட விடவில்லை மனிதர்: "புண்ணாக்குக் கடைக்கு 7 ரூபாய் பாக்கி, மறந்துவிடாதே." ஒட்டினால் ஒரு பக்கம் போய்விடும். வெள்ளோட்டமாகப் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை மைதாப் பசையில் ஒட்டிப் பார்த்தேன். மூன்றே மாதத்தில் பூச்சி ஓரத்தைத் தின்றுவிட்டது.

பைண்டர் மகன்:
மைதா பூச்சிக்கு விருந்து. என் அப்பா பசை காய்ச்சும்போது பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் என்ற நச்சு உப்பைப் போடுவார்; அது அட்டைக்குத்தான், கடிதத்தின் அருகில் கொண்டுபோகாதீர்கள். செலோடேப்பும் வேண்டாம். டேப் உரிந்துவிடும், பழுப்புக் கறை போகாது.

தாளை மடித்து, கடிதம் நுழைய ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு, மற்ற இரு பக்கத்தையும் பைபோலத் தையுங்கள். உருவிப் படித்துவிட்டுச் செருகலாம். பருத்தித் துணிக் கழிவில் செய்த தாள் நல்லது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் செய்கிறார்கள். முதுகில் ஒவ்வொரு பைக்கும் இடையே விரல் அகலத் தாள் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதங்கள் உள்ளே போனதும் ஆல்பம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

வெந்தயக்கூடை:
ஆல்பம் எதற்கு? பெட்டி செய்யுங்கள். எங்கள் பாட்டி பழைய தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த குடத்தின்மேல் அப்பிக் காயவைப்பார். அந்தக் கூடையில் இன்றும் புளி வைத்திருக்கிறோம்.

பைண்டர் மகன்:
புளி தாங்கும், கடிதம் தாங்காது. செய்தித்தாள் கூழில் அமிலம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் தாளும் பழுப்பேறும். செய்வதானால் உள்ளே பருத்தித் தாளைச் சுற்றுங்கள்.

கரூர்க்காரி:
ஆறு பைகள் தைத்துவிட்டேன். தையல் கோணல்மாணல்தான். அம்மாவிடம் கொடுத்தேன், கடிதத்தை உருவி நேராக அந்த ஓரத்தைத்தான் பார்த்தார். புண்ணாக்குக் கடைப் பாக்கியை அந்த வாரமே கொடுத்துவிட்டாராம்.